புகார் முடிந்தது என்கிறது எஸ்எம்எஸ், வீட்டிலோ இருட்டு

கேள்வி: செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. அப்பத்தாவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவும்தான் அங்கே இருக்கிறார்கள், நாங்கள் சென்னையில். கரண்ட் போனதும் நான்தான் இங்கிருந்து போன் செய்து புகார் கொடுக்கிறேன். புகார் எண் வருகிறது. சில மணி நேரத்தில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எஸ்எம்எஸ்சும் வந்துவிடுகிறது. வீட்டில் கேட்டால் இன்னும் இருட்டு என்கிறார்கள். எங்கே தப்பு? வெளியூரிலிருந்து இதை எப்படித் தொடர்வது?

பதில்: பெரும்பாலும் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘கரண்ட் இல்லை’ என்று மட்டும் பதிவான புகார், அதே தெருவிலிருந்து வந்த மற்றப் புகார்களோடு சேர்த்தே பார்க்கப்படும். லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரில் போன பீஸைப் போடுவார், தெருவுக்கு வெளிச்சம் வரும், எல்லாப் புகாரும் ஒன்றாக முடியும். போஸ்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் போஸ்டில் கழன்று கிடந்தால் அது அவர் கண்ணில் படாது. ஆகவே கரண்ட் எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும். அதை ஒரு கருவியும் இல்லாமல் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பக்கத்து வீடு. இடமும் வலமும் உள்ள வீடுகளைத்தான் கேட்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளுவதால், பின்தெருவில் விளக்கு எரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர் இருக்கலாம். தெருவிளக்கையும் நம்ப வேண்டாம், அதற்குத் தனி வயர், தனி சுவிட்ச்.

தெருவே இருட்டென்றால் டிரான்ஸ்பார்மரோ, அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடர் லைனோ போயிருக்கிறது. ஒரு வீடு விட்டு ஒரு வீடு எரிகிறதென்றால் டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் வரும் மூன்று பேஸ் வயர்களில் ஒன்றின் பீஸ் மட்டும் போயிருக்கிறது. சில வீடுகளில் முழு வெளிச்சம், மற்ற வீடுகளில் பல்பு பாதியாக மினுங்குகிறதென்றால், பெரும்பாலும் டிரான்ஸ்பார்மருக்கு மேலே உயரழுத்தப் பக்கத்தில் மூன்றில் ஒரு பீஸ் போயிருக்கும். இதைச் சொன்னால் வருபவர் நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போவார், வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை.

இன்னொரு நிலை உண்டு, அதில் தாமதம் கூடாது. வீட்டுக்குள்ளேயே சில விளக்குகள் கண் கூசும்படி எரிந்து, சில மங்கி, ஃபேன் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றினால், கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் அறுந்திருக்கிறது. மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள வீடுகளில் இப்படி ஆகும். 230 வோல்ட்டுக்கு மேல் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. பிரிட்ஜும் டிவியும் நிமிடங்களில் போய்விடும். உடனே மெயினை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் போனைத் தொட வேண்டும்.

பக்கத்து வீடுகளில் எல்லாம் எரிகிறது, உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் மீட்டரைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் அம்மாவிடம் மீட்டர் பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எதையும் தொட வேண்டாம், படம் போதும். மீட்டர் திரை தானாக எரிந்து எண்கள் மாறிக்கொண்டிருந்தால் கரண்ட் மீட்டர் வரை வந்துவிட்டது, கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில். திரை இருட்டாக இருந்தால் கோளாறு வெளியே. பட்டனை அமுக்கினால் மட்டும் எண் தெரிந்து அணைகிறதா? அது உள்ளே இருக்கும் பேட்டரியின் வேலை, அதைக் கரண்ட் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று பேஸ் மீட்டராக இருந்தால் ஆர், ஒய், பி என்று மூன்று அடையாளம் தெரியும். எது இல்லையோ அந்த பேஸ் வரவில்லை.

கோளாறு உள்ளே என்றால் மின்வாரியம் வராது. எலெக்ட்ரீஷியன் வேலை அது. ஆனாலும் இந்த வீடுகளில் அடிக்கடி நேர்வது ஒன்றைச் சொல்ல வேண்டும். தேக்குக் கட்டைக்குள் ஓடும் பழைய வயர்களும் மழையில் நனையும் சுவரும் சேர்ந்தால், டிரிப்பர் என்று சொல்லும் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு டிரிப்பரைத் தூக்கி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றினால் வீட்டின் எந்தப் பகுதியில் கோளாறு என்று தெரிந்துவிடும். எல்லாம் இறங்கியிருக்கும்போதே டிரிப்பர் நிற்கவில்லையா? எங்கோ நியூட்ரல் வயர் ஈரச்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும் என்பதால், அதை இறக்கி நியூட்ரல் கசிவை நிறுத்த முடியாது. இது கிடக்கட்டும் என்று டிரிப்பரையே கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுக்கும் எலெக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள்.

போன் செய்வதற்கு முன் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை யார் கட்டுவது என்ற குழப்பத்தில் கெடு தாண்டி, இணைப்புத் துண்டிக்கப்பட்டிருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாமலே இருக்கும். சர்வீஸ் எண்ணைப் போட்டு ஆன்லைனில் பார்த்தால் பாக்கி தெரிந்துவிடும். மற்றொன்று, பராமரிப்புப் பணி. துணை மின்நிலையம் வாரியாக மாதாந்திர மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே செய்தித்தாளிலும் வாரியத்தின் இணையதளத்திலும் வரும். வழக்கமாகக் காலை 9 அல்லது 10 மணிக்குத் தொடங்கி மாலை வரை இருக்கும். அன்றைக்குப் புகார் கொடுத்துப் பயனில்லை. மாலையில் தெருவுக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால்தான் அது புகார்.

இனி புகார். மின்னகம் எண் 94987 94987. 2021 ஜூனில் சென்னையில் தொடங்கிய சேவை மையம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், புகாரை உங்கள் ஊர்ப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். 1912 என்ற எண்ணும் உண்டு, ஆனால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பங்காளி கூப்பிடுவதானால் 91 சேர்த்து முதல் எண்ணுக்குத்தான் போட வேண்டும்.

அவர்கள் கேட்பது சர்வீஸ் எண். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், மீதி உங்கள் இணைப்பு. முழுவதையும் சொல்ல வேண்டும். கடைசி எண்ணை மட்டும் சொன்னால் வேறு ஊர் வீட்டுக்குப் புகார் போய்விடும். செட்டிநாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல், ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு (பங்குள்ள தனித்தனிக் குடும்பங்களுக்கு) தனித்தனி மீட்டர் இருப்பது. முகப்பில் நான்கு மீட்டர் வரிசையாக இருக்கும், யாருடையது எது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒவ்வொரு மீட்டரின் மேலும் சர்வீஸ் எண்ணையும் அது எந்தப் புள்ளிக்குரியது என்பதையும் பெயின்டால் எழுதிவைப்பது அரை மணி நேர வேலை. பில்லோடு ஒப்பிட்டு எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

முகவரிக்குக் கதவு எண் போதாது. வீட்டை ஊரில் அழைக்கும் விலாச எழுத்துகள் (இனிஷியல்), பக்கத்திலிருக்கும் ஊருணி அல்லது கோயில், போஸ்டில் எழுதியிருக்கும் எண், டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் பெயர்: இவை இருந்தால் இரவில் வரும் ஊழியர் தேடி அலைய மாட்டார். இப்படிச் சொல்லலாம்: ‘தெருவில் மற்ற வீடுகளில் கரண்ட் இருக்கிறது. எங்கள் வீட்டு மீட்டரே எரியவில்லை. போஸ்டிலிருந்து வரும் சர்வீஸ் வயரில் கோளாறு. மாலை ஆறே காலுக்குப் போனது. வீட்டில் இருப்பவர் எண் இது.’ அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஊழியர் வந்து தட்டும்போது முகப்புக் கதவு பூட்டியிருந்து, இரண்டாம் கட்டில் இருக்கும் அப்பத்தாவுக்குக் காது கேட்காவிட்டால், ‘வீடு பூட்டியிருந்தது’ என்று புகார் முடிந்துவிடும். உங்கள் சென்னை எண்ணுக்குக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

முடிந்ததாக எஸ்எம்எஸ் வந்தும் கரண்ட் இல்லை என்றால் பழைய புகார் எண்ணைச் சொல்லி, ‘தெருவுக்கு வந்துவிட்டது, இந்த வீட்டுக்கு மட்டும் இல்லை’ என்று மறுபடி பதியச் சொல்லுங்கள். கூடவே பிரிவு அலுவலகத்துக்கும் ஒரு போன். அந்த எண்ணைப் பகலிலேயே வாங்கி வைத்திருங்கள். இரவில் தேடினால் கிடைக்காது. அங்கும் அசையவில்லை என்றால் உபகோட்டத்தின் உதவி செயற்பொறியாளர், அவருக்கு மேலே கோட்டச் செயற்பொறியாளர், பிறகு வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துக்கு மின்வாரியத்தின் சிவகங்கை வட்டம். கோனாபட்டு, ராயவரம் பக்கமென்றால் புதுக்கோட்டை வட்டம். செட்டிநாடு இரண்டு மாவட்டத்திலும் கிடப்பதால் மாற்றி எழுதிப் பல நாள் வீணாவது உண்டு.

வயர் அறுந்து தரையில் கிடந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். யாரையும் ஆடுமாட்டையும் அருகே விடாமல், மின்னகத்துக்குச் சொல்லும்போது முதல் வார்த்தையே ‘வயர் கீழே கிடக்கிறது’ என்பதாக இருக்கட்டும்.

ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் போன் புகார் உதவாது, எழுத்து வேண்டும். போன தேதி, போன நேரம், வந்த நேரம், முழு இருட்டா மங்கலா, புகார் எண்: இவற்றை ஒரு மாதத்துக்குத் தினசரி காலண்டரிலேயே குறித்துவரச் சொல்லுங்கள். அதை வைத்துப் பிரிவுப் பொறியாளருக்கு மனு கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு செயல்திறன் தர விதிகளில், எந்தக் கோளாறை எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற வரம்பும், தாண்டினால் நுகர்வோருக்கு இழப்பீடும் உண்டு. மனுவுக்குப் பதில் இல்லாவிட்டால், மின்சாரச் சட்டம் 2003இன் 42ஆம் பிரிவின்படி வட்ட அளவில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம்; அங்கும் தீராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்தக் காலண்டர் குறிப்பையும் முத்திரை விழுந்த நகலையும்தான்.