நிக்கல் கம்பியில செம்பு வந்திருக்கு, இது எந்த தியரி?

கேள்வி: நிக்கல் கம்பி கேத்தோடு, பிளாட்டினம் ஆனோடு, சாதா தண்ணியில பொட்டாசியம் கார்பனேட். பத்து நாள் கரண்ட் குடுத்தோம். இப்ப இடிஎக்ஸ்ல (எக்ஸ்ரே வச்சு எந்தத் தனிமம் இருக்குன்னு காட்டுற கருவி) செம்பும் துத்தநாகமும் காட்டுது. நிக்கல் அணுவே செம்பா மாறிடுச்சான்னு சந்தேகம். காலேஜ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல விடம்-லார்சன் தியரின்னு (நியூட்ரான் வந்து மாத்துதுங்கிறது) எழுதலாமா, இல்ல புரோட்டான் நிக்கல் அணுக்கருவுக்குள்ள போச்சுன்னு எழுதலாமா?

பதில்: ரெண்டும் வேணாம், இப்போதைக்கு. கம்பியைப் பிடிச்சிருக்கிற முதலை கிளிப்பைக் கழட்டிப் பாருங்க, பல்லுல பச்சை பூத்திருக்கா? அது பித்தளையா இருந்தா செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான், குமிழி வெடிச்சுத் தெறிக்கிற கரைசல் அதை அரிச்சு உள்ள கொண்டுவந்துடும், கரைஞ்ச செம்பு கேத்தோடுல போய் ஒட்டிக்கும், முலாம் பூசுறதே அப்படித்தானே.

கிளிப் காரணம் இல்லன்னு வைங்க, அப்பதான் தியரிக்கே வேலை. நிக்கல்-62, செம்பு-63ன்னு வர்ற எண்ணெல்லாம் ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தோட வேற வேற எடை வகை. புரோட்டான் கணக்குப்படி நிக்கல்-62 செம்பு-63 ஆகும், நிக்கல்-64 செம்பு-65 ஆகும், விகிதம் சுமாரா 80-க்கு 20. ஆனா நிக்கல்ல 94 சதவீதம் 58-ம் 60-ம்தான், அதுங்க செம்பு-59, 61-னு மாறி பாசிட்ரானை (பாசிட்டிவ் சார்ஜ் உள்ள எலக்ட்ரான்) கக்கும், 511 கேஇவி காமா கதிர் வந்தே ஆகணும், டிடெக்டர் சும்மா இருக்காது. 2006-ல வந்த விடம்-லார்சன் தியரியோ, மேற்பரப்புல எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ரொம்ப மெதுவான நியூட்ரான் ஆகுதுன்னு சொல்லுது (அதுக்குத் தேவைப்படுற 0.78 எம்இவி எங்கிருந்து வருதுங்கிறதுலதான் பலருக்கும் நம்பிக்கை இல்ல, எனக்கும்). அந்தக் கணக்குல நியூட்ரானை வாங்கி நிக்கல்-62 வந்து 63 ஆகும், 64 வந்து 65 ஆகும், அப்புறம்தான் செம்பு. நிக்கல்-63 செம்பாக நூறு வருஷ அரை ஆயுள், நிக்கல்-65-க்கு ரெண்டரை மணி நேரம், அதனால பத்து நாள்ல கிட்டத்தட்ட எல்லாமே செம்பு-65 ஆத்தான் இருக்கணும். கடைச் செம்புல 63 : 65 வந்து 69-க்கு 31, உங்களுதும் அதே விகிதம்னா வெளியிலேர்ந்து வந்ததுன்னுதான் அர்த்தம். இடிஎக்ஸ்க்கு ஐசோடோப் தெரியாது, ஐசோடோப் வாரியா அளக்குற ஐசிபி-எம்எஸ் கருவியில குடுங்க, நிக்கலைப் பிரிச்சுட்டு அளக்கச் சொல்லுங்க.

2002-ல மிட்சுபிஷி கம்பெனி ஆராய்ச்சியாளர் இவாமுரா சீசியம் பிரசியோடைமியமா மாறுச்சுன்னு சொன்னப்போ இதே சிக்கல்தான், பிரசியோடைமியத்துக்கு இயற்கையில 141-ங்கிற ஐசோடோப் ஒண்ணே ஒண்ணுதான், புதுசா உருவானதா வெளியிலேர்ந்து ஒட்டுனதான்னு விகிதம் வச்சுப் பிரிக்கவே வழியில்ல. உங்களுக்குச் செம்பு வந்தது அதிர்ஷ்டம், அதுக்கு 63, 65-னு ரெண்டு இருக்கே.

கிளிப்பைக் கரைசலுக்கு எட்டாத உயரத்துல மாட்டி, கம்பியோட மேல்பாகத்தை டெஃப்லான் டேப்ல சுத்தி, இன்னொரு ரன் ஓட்டுங்க. கரண்ட் குடுக்காம பக்கத்துல ஒரு கம்பியும் ஊறட்டும்.