வயிற்று சிடி ஸ்கேனில் தென்பட்ட 5 மில்லிமீட்டர் நுரையீரல் முடிச்சு

டாக்டர், உங்கள் நோயாளிக்கு 52 வயது, புகைப்பழக்கமே கிடையாது, வயிற்றுவலிக்கு எடுத்த சிடியில் நுரையீரலின் அடிப்பகுதியில் 6க்கு 4 மில்லிமீட்டரில் ஒரு திடமான (படத்தில் மங்கலாக இல்லாமல் அடர்த்தியாகத் தெரியும்) முடிச்சு, அவர் பயந்துபோய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிடி கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். மார்பு ரேடியாலஜி நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி நீளத்தையும் அகலத்தையும் கூட்டிச் சராசரிதான் பார்க்க வேண்டும், அதாவது இது 5 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள திட முடிச்சுக்கு, அதுவும் புகைப்பழக்கம் போன்ற ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு, தொடர் ஸ்கேனே வேண்டியதில்லை. வயிற்று சிடியில் தற்செயலாகக் கண்ணில் படுவதற்கும் இதே பதில்தான்.

ஆனால் இந்த விதி 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ, ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவர்களுக்கோ, எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கோ பொருந்தாது, அதனால் அதை மட்டும் நேரில் கேட்டுவிடுங்கள். முடிச்சு திடமானதுதானா, மெல்லிய வெட்டுகளில் அளந்தார்களா என்று ரேடியாலஜிஸ்டிடம் ஒரு போன் போட்டுக் கேட்பதும் நல்லது (ரிப்போர்ட்டில் "கிளினிக்கல் கோரிலேஷன்", அதாவது நோயாளியைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், மாட்டுவது நாம்தான்). பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால் தேடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது என்று தெரிந்தால் அதோடு கதை முடிந்தது.

அப்புறம் நோயாளியிடம் "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், வேறு இடத்தில் போய் எடுத்துக்கொள்வார். இந்த அளவு முடிச்சு புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பாலும் பழைய தொற்றின் தழும்புதான் என்று படத்தைக் காட்டியே சொல்லுங்கள்.