இறங்கப் பழகினீர்களா?

கேள்வி: இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறேன். வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறேன், எல்லாமே தார்ச்சாலையில்தான். ஆறு மாதம் கழித்து 100 கிலோமீட்டர் மலைப்பாதை அல்ட்ரா மாரத்தான் ஒன்று வருகிறது, மொத்த ஏற்றம் 5,000 மீட்டர். தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதுமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மலை ஓட்டக்காரர்கள் போடும் கணக்கில் 100 மீட்டர் ஏற்றம் ஒரு கிலோமீட்டர் சமதளத்துக்குச் சமம், அப்படிப் பார்த்தால் உங்கள் 100 உண்மையில் 150. பெயர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தை முடித்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் மேலே போகலாம், வராவிட்டால் அடுத்த வருடம். போட்டி எங்கும் ஓடிப்போகாது.

தூரத்தைவிட எனக்குக் கவலை இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நடந்து சமாளிக்கலாம், முன்னணி வீரர்களே செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, அதில் தசை நார்கள் கிழிகின்றன. தார்ச்சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இது பழகாது. ஆனால் ஒரு நல்ல செய்தி: ஒருமுறை நன்றாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைவான சேதத்தோடு தாங்கும். அதனால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறையாவது நீண்ட இறக்கம் ஓடுங்கள், மெதுவாகத் தொடங்கி. பழகாத தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதில் உள்ளவை ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஓட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. ஓடும்போது ரத்தம் கால்களுக்குப் போய்விடுகிறது, வயிற்றுக்குக் குறைகிறது, அந்த நிலையில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்றால் வயிற்றையும் பழக்கித்தான் ஆக வேண்டும். போட்டியன்று சாப்பிடப்போவதையே நீண்ட பயிற்சிகளில் சாப்பிடுங்கள். இரவிலும் சில முறை ஹெட்லேம்ப் கட்டி ஓடிப் பாருங்கள், வெளிச்ச வட்டத்துக்குள் கல் எது நிழல் எது என்று கண்ணுக்குப் பிடிபட நேரம் எடுக்கும்.

கேள்வி: பையின் எடையைக் குறைக்க மழைச்சட்டையை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். உயரமான பகுதியில் திடீரென்று குளிர்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன, பலர் அரைக்கால் சட்டையும் டி-சர்ட்டும்தான் போட்டிருந்தார்கள், 21 பேர் இறந்துபோனார்கள். குளிர் தாங்கும் உடை அங்கே கட்டாயமாக இருக்கவில்லை. கட்டாயப் பட்டியலில் இல்லை என்றாலும் மழைச்சட்டை, உடம்பில் சுற்றிக்கொள்ளும் வெப்பக்காப்புத் தாள், விசில், இரண்டாவது விளக்கு, சார்ஜ் உள்ள போன் எல்லாம் பையில் இருக்கட்டும்.

கேள்வி: வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? தண்ணீர் எவ்வளவு குடிப்பது?

பதில்: ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைத்திருப்பது எதுவோ அதையே இவை தடுக்கின்றன. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துகொண்டு லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்துவிடும், விரல் வீங்கி, தலை வலித்து, வாந்தி வந்து, பேச்சு குழறும். பார்ப்பவர்கள் நீர் வற்றியதாக நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்று எழுதிய வாசகருக்கு இன்னொன்று. எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்பதை இப்போதே அவர்களோடு உட்கார்ந்து எழுதிவையுங்கள், 70-ஆவது கிலோமீட்டரில், தூக்கம் இல்லாத மூளையிடம் அந்த முடிவை விடாதீர்கள். விலகினால் செக்பாயிண்டில் இருப்பவர்களிடம் சொல்லிப் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் உங்களைத் தேடி யாரோ இருட்டில் மலை ஏறுவார்கள்.