அண்ணே, ஒரு சந்தேகம்! ராஜா இசையப் பத்திப் படிக்க எங்கிட்டுப் போறது?

இந்த தடவ வந்த கடுதாசியில பாதி பாட்டு சம்பந்தமாவே வந்துருச்சு. பட்டா மாத்துறது, கரன்ட் பில்லு கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, நான் எம்.ஏ. ரெண்டாவது வருசம். ‘இளையராஜா பாட்டுல கிராமத்து மெட்டு’ன்னு புராஜெக்ட் எடுத்திருக்கேன். கைடு மேடம், ரசிகர் எழுதுனது, பேட்டி, யூடியூப் எதையும் ரெஃபரன்ஸ்ல காட்டக் கூடாது, ஆராய்ச்சிப் புத்தகமும் ஜர்னல் கட்டுரையும்தான் வேணும்னு சொல்லிட்டாங்க. பேரப் போட்டுத் தேடுனா பேட்டியும் ராயல்டி சண்டையுமா வருது. நெசமாவே ஆராய்ச்சின்னு ஏதாச்சும் இருக்கா?
- மாணவி, திருமங்கலம்

இருக்கு தங்கச்சி. ஆனா பெரும்பாலும் அவரு பேருல இல்ல, அதான் சிக்கல். நீ வீட்டு நம்பரத் தேடுற, ஆளு சம்பந்தி வீட்டுல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காரு.

மொதல்ல பேரு விசயத்த முடிச்சுருவோம். இங்கிலீஷ்ல அவரு பேர நாலஞ்சு விதமா எழுதுறாங்க. கடைசி ‘ராஜா’வுல ரெண்டு ஏ போடுறவங்க ஒரு கூட்டம், ஒரே ஏ-யோட நிறுத்திக்கிறவங்க ஒரு கூட்டம், ‘இளைய’வுல வர்ற ஐ-ய முழுங்கிட்டு வெறும் ஒய் போடுறவங்க இன்னொரு கூட்டம், அதுபோக ரெண்டு எல் போடுறவங்களும் உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரையத் தேடுறதுக்குன்னே இருக்குற கூகுள் ஸ்காலர்ல ஒவ்வொண்ணாப் போட்டுத் தேடு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கட்டுரை வரும். நான் மொத தடவ ஒரே ஸ்பெல்லிங்ல தேடிட்டு ஒண்ணுமில்லன்னு கம்ப்யூட்டர அணைச்சுட்டுப் போனவன், அதனால சொல்றேன்.

அவரு பேரத் தலைப்புலயே வச்ச ஆய்வேடும் இல்லாம இல்ல, 1994-லயே அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல ஒண்ணு வந்திருக்கு, அதுவும் உன்ன மாதிரி எம்.ஏ.வுக்கு எழுதுனதுதான். ஆனா அது ஒண்ண நம்பி உக்கார முடியாதுல்ல. இனிமே பேர விட்டுட்டு விசயத்தப் போட்டுத் தேடு. பிளேபேக் பாடகர், கேசட், கிராமஃபோன், கிராமத்துக் குழாய் ரேடியோ, பறை, எத்னோமியூசிகாலஜி (மக்க வாழ்க்கையோட சேத்து இசைய ஆராயுற படிப்பு), இப்பிடி. அப்பத்தான் கதவு தொறக்கும்.

எத எடுக்கலாம்னு கேட்டா, ஆரம்பிக்கிறதுக்கு உலக இசையப் பத்துன கார்லண்ட் என்சைக்ளோபீடியாவோட தெற்காசிய வால்யூம், 2000-ல வந்தது. அதுல தென்னிந்திய சினிமா இசையப் பத்தி பால் கிரீன் எழுதுன சின்னக் கட்டுரை ஒண்ணு இருக்கு, ஒரு மணி நேரத்துல முடிச்சுரலாம். அடுத்து 2008-ல மார்க் ஸ்லோபின் தொகுத்த ‘குளோபல் சவுண்ட்டிராக்ஸ்’ புத்தகத்துல ஜோசப் கெட்டரும் பாலசுப்ரமணியனும் தமிழ் சினிமா இசையப் பத்தி எழுதுன அத்தியாயம், இத விட்றாத. அதுக்கப்புறம் நான் ரொம்ப மதிக்கிறது அமாண்டா வைட்மன் 2021-ல எழுதுன ‘பிராட் டு லைஃப் பை தி வாய்ஸ்’, கலிஃபோர்னியா பல்கலைக்கழக வெளியீடு. பின்னணிப் பாடகர்களப் பத்தித்தான் பேசுது, நம்ம மதுரைக்காரரு டி.எம். சௌந்தரராஜன் குரலு எப்பிடி ஒரு அரசியல் குரலாவே ஆச்சுங்குறதுல இருந்து எல்.ஆர். ஈஸ்வரி வரைக்கும். ராஜா எங்கனு கேக்காத, அவரு யாரு குரல எதுக்கு எடுத்தாருன்னு நீ எழுதப்போறப்ப இந்தப் புத்தகம் இல்லாம ஒரு பாரா நகராது. முழுப் புத்தகமும் ஓப்பன் ஆக்சஸ், காசு இல்லாமலே பிடிஎஃப் எடுத்துக்கலாம்.

உன் தலைப்பு கிராமத்து மெட்டுங்குறதால இன்னொண்ணு. ஸோயி ஷெரீனியன் 2014-ல தமிழ் நாட்டுப்புற இசையும் தலித் விடுதலை இறையியலும் பத்தி ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க. அதுல வர்ற தியோபிலஸ் அப்பாவு நம்ம அரசரடி இறையியல் கல்லூரியில வாத்தியாரா இருந்தவரு, கிராமத்து மெட்டுல சாமி பாட்டு போட்டவரு. சினிமாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னா, பறையும் தெம்மாங்கும் ‘கீழான’ பாட்டுங்குற நெனப்ப ஒருத்தரு சர்ச்சுக்குள்ள உடைச்சாரு, இன்னொருத்தரு 1976-ல ‘அன்னக்கிளி’ வழியா தியேட்டருக்குள்ள உடைச்சாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா உனக்கு ஒரு அத்தியாயமே கெடைக்கும், அதுவும் திருமங்கலத்துல இருந்து பஸ் ஏறுனா அரசரடி எம்புட்டுத் தூரம்?

ராஜா சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி அண்ணன் பாவலர் வரதராஜனோட கம்யூனிஸ்ட் மேடைகள்ல ஊர் ஊரா ஆர்மோனியம் வாசிச்சவரு. அதனால இடதுசாரி மேடைப் பாட்டு, கட்சிக் கலைக்குழுன்னும் தேடு. சினிமா இசைன்னு மட்டும் போட்டா இந்தப் பக்கம் ஒண்ணுமே கண்ணுல படாது.

நூலகத்துக்குப் போறப்ப ஒரு சூட்சமம். விசயத்துக்கு ஒரு நம்பர் போட்டு அடுக்குற டூவி முறையில அடுக்கியிருந்தா இந்த விசயம் மூணு எடத்துல செதறிக் கெடக்கும். இசை 780-ல, அதுக்குள்ள சினிமா இசை 781.542, சினிமா 791.43, தமிழ்ல எழுதுன கட்டுரைப் புத்தகமா இருந்தா இலக்கியம்னு நெனச்சு 894.811 பக்கம் தள்ளிவிட்ருப்பாங்க. நான் ஒரு நூலகத்துல, எதுன்னு சொல்லல, கம்ப்யூட்டர்ல ‘உள்ளது’ன்னு காட்டுன புத்தகத்த மூணு நாள் தேடுனேன். இசை அலமாரியில இல்ல, சினிமா அலமாரியில இல்ல, கடைசில பைண்டிங்குக்குக் கட்டி வச்ச கட்டுல நாடார் வரலாறுக்கும் கோழி வளர்ப்புக்கும் நடுவுல கெடந்துச்சு. நத்தம் ரோட்டுல 2023-ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், உங்க பல்கலைக்கழக நூலகம் ரெண்டுலயும் கம்ப்யூட்டரப் பாத்துட்டுத் திரும்பி வந்துராத, அலமாரி முன்னாடி நின்னு முதுகு முதுகாப் படி.

இதெல்லாத்தையும் விட முக்கியம், கெடைச்ச ஒரு நல்ல புத்தகத்தோட பின்னாடி பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பி. அடிக்குறிப்புலயும் நூற்பட்டியல்லயும்தான் மத்த எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. அப்புறம் கூகுள் ஸ்காலர்ல அந்தப் புத்தகத்துக்குக் கீழ, இத மேற்கோள் காட்டுனவங்க எத்தன பேருன்னு ஒரு லிங்க் இருக்கும், அத அமுக்கு. அடிக்குறிப்பு பழசுக்குக் கூட்டிட்டுப் போகும், இந்த லிங்க் புதுசுக்குக் கூட்டிட்டு வரும்.

சோத்கங்கா பத்தியும் சொல்லிர்றேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்க எலவசமாக் கெடைக்கும், போய்ப் பாரு. ஆனா நான் பாத்த வரைக்கும் தமிழ்த்துறையில திரைப்பாடல்னு வர்றது பெரும்பாலும் வரிகளப் பத்தித்தான், உவமை எத்தன உருவகம் எத்தனன்னு எண்ணிக்கிட்டு இருப்பாங்க, மெட்டு பக்கம் ஒரு ஆளு எட்டிப் பாத்திருக்க மாட்டாரு. உனக்கு அது வசதி, நீ எழுத எடம் காலியா இருக்குன்னு அர்த்தம். காசு குடுத்தா ரெண்டே நாள்ல போடுற ஜர்னல்ல வர்ற நாலு பக்கக் கட்டுரைய மட்டும் தொடாத. உங்க மேடம் ஒரு வரி படிச்சதும் கண்டுபிடிச்சுருவாங்க.

இங்கிலீஷ் நமக்கு அம்புட்டா வராது தம்பி. தமிழ்ல படிக்கிற மாதிரி ஏதும் இருக்கா? புகழ்ந்து தள்ளுறது வேணாம், அது எனக்கே தெரியும்.
- ஓய்வு பெற்ற கண்டக்டர், உசிலம்பட்டி

அண்ணே, கடைசி வரிக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. தமிழ்ல இளையராஜா புத்தகம்னா பெரும்பாலும் ‘ராகதேவன்’னு ஆரம்பிச்சு கண்ணீர்ல முடியும். அதுல இருந்து வெலகி நிக்கிறது பிரேம்-ரமேஷ் 1998-ல எழுதுன ‘இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்’. ஒடச்சே சொல்லிர்றேன், வாசிக்க லேசான புத்தகம் இல்ல, ஒரு பக்கத்துக்கு ஒரு டீ ஆகும். ஆனா சினிமா பாட்ட தத்துவமா எடுத்துப் பேசலாம்னு தமிழ்ல துணிஞ்ச புத்தகம், சண்ட போட்டுக்கிட்டே படிக்கலாம்.

வாமனனோட ‘திரை இசை அலைகள்’ வேற ஜாதி. பல பாகமா வந்திருக்கு, இசையமைப்பாளர், பாடகர்களோட வாழ்க்கையத் தேடிப் பிடிச்சு எழுதுனது, ராஜாவுக்கு முன்னாடி யாரு யாரு என்ன போட்டாங்கன்னு தெரியாம ராஜா என்ன புதுசாப் பண்ணுனாருன்னு சொல்ல முடியாதுல்ல. ராஜாவே எழுதுன ‘சங்கீதக் கனவுகள்’ கெடைச்சா படிங்க, ஆனா அத ஆராய்ச்சியா எடுத்துக்காதீங்க, ஆளே பேசுறது, சாட்சி வாக்குமூலம் மாதிரி வச்சுக்கங்க.

நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ பக்கத்துலயே இருக்கணும். அதுல சங்கடம் என்னன்னா வரி இருக்கும் மெட்டு இருக்காது. நீங்க கண்டக்டரா இருந்தவரு, எத்தன நாத்து நடவு பாத்திருப்பீங்க, எத்தன கும்மி கேட்டிருப்பீங்க, அந்த மெட்ட உங்க வாயில இருந்துதான் எடுக்கணும். புத்தகத்துல இல்லாத பாதி உங்ககிட்ட இருக்கு.

நல்ல கட்டுரை ஒண்ணு சிக்குச்சு, தொறந்தா டாலர்ல காசு கேக்குறான், என் ஒரு மாச மெஸ் பில்லு அது. குறுக்கு வழி சொல்லுங்க.
- ஆராய்ச்சி மாணவர், நாகமலை புதுக்கோட்டை

குறுக்கு வழிய உங்க ஹாஸ்டல்லயே நாலு பேரு சொல்லியிருப்பான், நேர் வழியச் சொல்றேன். ஜர்னல் கட்டுரையெல்லாம் சேத்து வச்சிருக்குற ஜேஸ்டோர் இணையதளத்துல சும்மா ஒரு அக்கவுன்ட் போட்டா மாசம் 100 கட்டுரை ஸ்கிரீன்ல படிக்க விடுறாங்க, டவுன்லோட் மட்டும் ஆகாது. ‘எத்னோமியூசிகாலஜி’ ஜர்னலு அங்கதான் இருக்கு. பால் கிரீன் 1999-ல எழுதுன ஒரு கட்டுரையும் அதுல இருக்கு, தமிழ்க் கிராமத்துல கேசட்டக் குழாயில போடுறதே எப்பிடி ஒரு சாமி கும்புடுற காரியமா ஆகுதுன்னு. நம்மூரு சித்திரைத் திருவிழாவுல காதடைச்சுப் போன எவனுக்கும் அது புரியும்.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம்னா 2025-ல இருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் ஓடுது, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். உங்க நிறுவனம் பதிவு பண்ணியிருக்கான்னு நூலகர்கிட்டக் கேளுங்க, கேக்காம யாரும் வந்து சொல்லப் போறதில்ல. அதுலயும் இல்லன்னா கட்டுரை எழுதுனவருக்கே ஒரு மெயில் போடுங்க. ‘ரெஸ்பெக்டட் சார்’னு ஒன்றரைப் பக்கம் வேணாம், நான் இன்னாரு, இன்ன தலைப்பு, இந்தக் கட்டுரை வேணும், மூணு வரி போதும். நான் போட்டதுக்கு ராத்திரியே பதில் வந்துச்சு, கூடவே நான் கேக்காத ரெண்டு கட்டுரையும்.

பண்ணைபுரம் மதுரை ஜில்லாவா தேனி ஜில்லாவா? டீக்கடையில பந்தயம்.
- வாசகர், சின்னமனூர்

இப்பத் தேனி. 1943-ல அவரு பொறந்தப்ப மதுரை ஜில்லா. பந்தயக் காசப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கங்க. திருமங்கலம் தங்கச்சி, இத நீயும் குறிச்சுக்க, பழைய ஆவணம், கெசட்டியர் எதுலயும் அந்த ஊரு மதுரைக்குக் கீழதான் வரும், தேனின்னு தேடுனா கெடைக்காது.

எங்கப்பா எண்பதுகள்ல செல்லூர்ல ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தாரு. வெத்துக் கேசட்டுல பாட்டுப் பதிஞ்சு குடுக்குற கடை. யாரு என்னென்ன பாட்டு கேட்டாங்கன்னு எழுதி வச்ச நோட்டு ஆறு, பரண்ல இருக்கு. வீடு காலி பண்றோம். நீங்க பாட்டப் பத்தி எழுதுறதால கேக்குறேன், எடைக்குப் போட்டுறவா?
- வாசகி, மதுரை

அம்மா, போட்டுறாதீங்க! கையத் தொடச்சுட்டு மொதல்ல பரண்ல இருந்து எறக்குங்க.

அந்தக் கடைக்குப் போனவங்களுக்குத் தெரியும். 60 நிமிசக் கேசட்டா 90-ஆன்னு கேப்பாங்க, கோடு போட்ட பேப்பர்ல ஏ சைடு பி சைடுன்னு பிரிச்சுப் பாட்ட எழுதிக் குடுக்கணும், கடைசிப் பாட்டு பாதியில அறுந்துரக் கூடாதுன்னு நிமிசத்தக் கூட்டிப் பாப்பாங்க. சாயங்காலம் வாங்க வந்தா அட்டையில அவங்க கையெழுத்துலயே பாட்டு வரிசை இருக்கும். பீட்டர் மேனுவல் 1993-ல வடஇந்தியாவுல கேசட்டு பாட்ட என்ன பண்ணுச்சுன்னு ‘கேசட் கல்ச்சர்’னு ஒரு புத்தகமே எழுதுனாரு. நம்மூருக்கு அப்பிடி எழுதணும்னா ஆதாரம் உங்க பரண்லதான் கெடக்கு. கம்பெனி எந்தக் கேசட்ட வித்துச்சுங்குறது வேற, செல்லூர்ல தறி ஓட்டுறவரு எந்தப் பாட்டுக்குப் பின்னாடி எந்தப் பாட்டு வேணும்னு கேட்டாருங்குறது வேற. ரெண்டாவத எந்தப் பல்கலைக்கழகமும் எழுதி வைக்கல, உங்கப்பா எழுதி வச்சிருக்காரு.

இப்பச் செய்ய வேண்டியது. நோட்ட வெயில்ல காய வைக்காதீங்க, நெழல்ல விரிச்சு வைங்க. செலோடேப் ஒட்டாதீங்க. ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல நேரா மேல இருந்து படம் எடுங்க, அட்டையையும் சேத்து. அப்பா இருந்தாருன்னா பக்கத்துல உக்கார வச்சு, சுருக்கி எழுதியிருக்குற எழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணிக்கங்க, ‘ஜா’ன்னா ஜானகியா, ஜாலி பாட்டான்னு அவருக்குத்தான் தெரியும். வாடிக்கையாளரு பேரு, விலாசம் இருந்தா வெளிய காட்டுறப்ப மறைச்சுருங்க. வச்சுக்க எடம் இல்லன்னா சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிப் பாருங்க, பழைய பாட்டுப் புத்தகம், இசைத்தட்டையெல்லாம் சேத்துப் பாதுகாக்குற எடம் அது.

அதுக்கு முன்னாடி ஒரு ஒதவி. உங்களுக்குச் சம்மதம்னா ஆபீசுக்கு ஒரு வரி போடுங்க, திருமங்கலம் தங்கச்சிய அனுப்பி வைக்கிறேன். வர்றப்ப அது பென்சில்தான் கொண்டாரணும், பேனா வேணாம்.