மூன்று பிரதமர்களின் தொகுதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடா தேர்தல்கள் பற்றிய கட்டுரையில், பிரின்ஸ் ஆல்பர்ட் தொகுதிக்கு மூன்று பிரதமர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சஸ்காட்செவன் மாகாணத்தில், வடக்கே கோதுமை வயல் முடிந்து காடு தொடங்கும் இடம் அது. அங்கே எப்படி இத்தனை பெரிய தலைகள்? நம்மூர் விஐபி தொகுதி மாதிரியா?

க.

அன்புள்ள க.,

லோரியே, மெக்கென்சி கிங், டீஃபன்பேக்கர் என்ற மூன்று கனடியப் பிரதமர்களைச் சொல்வார்கள். மூன்று என்பது கொஞ்சம் இழுத்துப் பிடித்த கணக்கு. லோரியே 1896-ல் ஜெயித்தது அந்த ஊரும் அடங்கிய பழைய சஸ்காட்செவன் தொகுதியில். கியூபெக் கிழக்குத் தொகுதியிலும் ஜெயித்திருந்ததால் இதை விட்டுவிட்டார். பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற பெயரில் தொகுதி வந்ததே 1908 தேர்தலில்தான்.

மெக்கென்சி கிங் நீங்கள் சொல்லும் ரகம். 1925-ல் பிரதமராக இருந்தபடியே சொந்தத் தொகுதியான யார்க் வடக்கில் தோற்றார். பிரின்ஸ் ஆல்பர்ட்டில் ஜெயித்திருந்த சார்லஸ் மெக்டொனால்ட் பதவி விலகி வழிவிட்டார். பத்து வருடம் கழித்து அவருக்கு மேலவையான செனட்டில் பதவி கிடைத்தது. இரண்டு அவைகளிலும் உறுப்பினராக இருந்து, ஒன்றிலும் வாய் திறக்காத மனிதர்! தொகுதிக்குக் கிடைத்தது 1927-ல் ஒரு தேசியப் பூங்கா. மறு வருடம் கிங்கே வந்து திறந்து வைத்தார். ஆனால் 1945-ல் ராணுவத்தினரின் வாக்குகளையும் எண்ணி முடித்தபோது 129 வாக்கில் தோற்றிருந்தார். உடனே ஒன்டாரியோவில் கிளெங்காரி என்ற இன்னொரு கிராமத்துத் தொகுதியைக் காலி செய்து கொடுத்தார்கள். கட்சி ஆட்சியில் இருந்தால் தொகுதிக்கா பஞ்சம்?

டீஃபன்பேக்கர் கதை வேறு. அவர் அந்த ஊரிலேயே வக்கீல் தொழில் பார்த்தவர். 1925-ல் அங்கே நின்றபோது அவருடைய ஜெர்மன் பெயரைச் சொல்லியே எதிர்ப்பிரசாரம் செய்தார்கள், மூன்றாவதாக வந்தார். 1926-ல் கிங்கிடம் தோல்வி, 1929 மாகாணத் தேர்தலில் தோல்வி, 1933-ல் மேயர் பதவிக்கு நின்று அதிலும் தோல்வி. வேறொருவர் என்றால் கோர்ட்டே கதி என்று இருந்திருப்பார். 1940-ல் லேக் சென்டர் அவரை நாடாளுமன்றம் அனுப்பியது. தொகுதி மறுசீரமைப்பில் அது காணாமல் போகவே, 1953-ல் மறுபடியும் பிரின்ஸ் ஆல்பர்ட். அந்த முறை சஸ்காட்செவனில் அவருடைய கட்சி ஜெயித்த ஒரே இடம் அதுதான். நான்கு வருடத்தில் பிரதமர். பதவி போன பிறகும் தொகுதி அவரை விடவில்லை. 1979 மே மாதம் 83 வயதில் கடைசியாக ஜெயித்தார், ஆகஸ்டில் இறந்தார்.

இவரை விஐபி பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.