சின்ன காரின் உயரத்தைக் குறைத்தால் பயணம் ஏன் கடினமாகிறது?

காரைத் தாழ்த்துவது என்றால், ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ வண்டியின் உடலைத் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் மேலே ஏறி இறங்க இருக்கும் இடைவெளி குறைந்துவிடுகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வேண்டிய தூரம் அதுதான். தூரம் குறைவு என்பதால் ஸ்பிரிங்கும் விறைப்பாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது முழுக்க அமுங்கி, முனையில் உள்ள ரப்பர் கட்டையில் 'டங்' என்று இடிக்கும். இலவம்பஞ்சு மெத்தையில் குதிப்பதற்கும் ஜமுக்காளத்தில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான்.

நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். விதிப்படி கட்டினாலே 10 செ.மீ. உயரம். அடிப்பகுதி தரையிலிருந்து 16 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன காரை 4 செ.மீ. தாழ்த்தினால் மிச்சம் 12. அப்புறம் நாலு பேர் ஏறினால் அதுவும் குறையும். தினமும் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால், அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் பொருத்தமான ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது மென்மையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும்.