லினோவில் எல்லாக் கோடும் ஒரே மாதிரி விழுகிறதா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆறு மாதமாக வீட்டில் லினோகட் செய்கிறேன். கோபுரமோ வேப்பமரமோ, எதைச் செதுக்கினாலும் கோடுகள் ஒரே தடிமனில்தான் வருகின்றன. ஆணியால் கீறிப் பார்த்தேன். அச்சில் ஒன்றுமே தெரியவில்லை."

முதலில் ஆணி விஷயம். லினோலியம் என்ற மிருதுவான தகட்டைச் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் அச்செடுப்பதுதான் லினோகட். லினோவில் மை மேல்பரப்பில்தான் உட்காரும். கீறிய இடம் வெள்ளையாக வர வேண்டும். உங்கள் கீறலோ மெல்லியது, மை அதிகமாகி அதை அடைத்துவிட்டது. ரோலரை உருட்டும்போது காதைக் கொடுங்கள். பட்டுச்சேலை உரசுவதுபோல் சீராகச் 'சர்ர்' என்று கேட்டால் சரி. பச்பச்சென்று ஒட்டினால் மை கூடிவிட்டது.

அதே ஆணியால் அக்ரிலிக் ஷீட்டில் கீறி, மையைத் தேய்த்து, மேலே துடைத்துவிட்டு, ஈரக் காகிதம் வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால் கோடு கறுப்பாக விழும். இதற்கு டிரைபாயிண்ட் என்று பெயர். கீறலின் ஓரத்தில் எழும் பிசிறிலும் மை தங்குவதால் கோடு வெல்வெட் போல் மெத்தென்று இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கோடு அது. சில பிரதிகளிலேயே பிசிறு மழுங்கிவிடும்.

அப்புறம் தடிமன். 'வி' வடிவ முனையுள்ள உளியைப் பேனா மாதிரி ஒரே சாய்வில் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உளியைப் படுக்கவைத்து நுழையுங்கள். நடுவில் கைப்பிடியைச் சற்றுத் தூக்குங்கள். மறுபடி படுக்கவைத்து வெளியே எடுங்கள். இரு முனையும் கூர்ந்து வயிறு பருத்த நெல்மணி கிடைக்கும். படமே வரையாமல் ஒரு துண்டு லினோ முழுக்க நெல்மணிகளாகச் செதுக்குங்கள். நெருக்கினால் வெளிச்சம், விலக்கினால் நிழல். உங்கள் வேப்பிலைக்கு இது போதும்.

கோபுரக் கல்லுக்கு ஹார்ட்வேர் கடையில் சொரசொரப்பான உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் வாங்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாளை லினோவில் கவிழ்த்து அழுத்தினால் புள்ளி புள்ளியாக விழும். பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்தால் மழைக்கோடு.

ஜனவரிக் காலைக் குளிரில் லினோ விறைத்து, ஓரம் உடையும். பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

அதே ஜனவரியில் உங்கள் ஊர் குமார கிருபா ரோட்டில் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தை நடக்கும். அச்சோவியம் விற்பவரைக் கண்டால் உங்கள் நெல்மணி அச்சைக் காட்டி, அவர் உளி பிடிக்கும் விதத்தைக் கேளுங்கள்.